பழைய நீராவி எஞ்சினை மீண்டும் ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகத்திலோ ரயில் நிலைய வாசலிலோ பணிமனை வளாகத்திலோ நிற்கும் நீராவி எஞ்சினைப் பார்க்கிறவர்களில் பலர் கேட்பது, இதை மறுபடியும் ஓட்ட முடியாதா என்பதுதான். அந்த ஆசை எனக்கும் உண்டு. நெருப்பு மூட்டப்பட்டு, புகை எழுந்து, அழுத்தம் ஏறி, அது நகரத் தொடங்கும்போது கிடைக்கும் அறிவை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் எஞ்சின் தருவதில்லை. ஆனால் ஆசையின் பேரில் மட்டும் தொடங்கப்படும் சீரமைப்புகள் பாதியில் நின்றுபோவதும், திருப்பிப் பெற முடியாத சிலவற்றை அழித்துவிடுவதும் உண்டு என்பதால், முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அந்த முடிவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் உதவும் வகையில் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியது என்ன?

போதிய பணமும் தேர்ந்த பணிமனையும் கிடைத்தால் ஏறத்தாழ எந்த எஞ்சினையும் ஓட வைத்துவிடலாம். கொதிகலனைப் புதிதாகக் கட்டலாம், சக்கரங்களுக்குப் புதிய எஃகு டயர் ஏற்றலாம், சிலிண்டரைக்கூடப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். ஆகவே முடியுமா என்று கேட்டால் முடியும் என்ற பதிலே வரும். அந்தப் பதிலால் பயன் அதிகமில்லை. ஓட்டுவதால் இந்த எஞ்சினில் எது அழியும் என்பதையும், முதல் பத்தாண்டுகள் முடிந்த பிறகு வரும் அடுத்த பெரிய சீரமைப்புக்கு யார் பணம் தருவார்கள், யார் கையால் வேலை நடக்கும் என்பதையும்தான் முதலில் கேட்க வேண்டும். இவற்றில் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கூட்டங்களில் எழுப்பப்படுவதே இல்லை. நன்கொடை கேட்பவர்கள் முதல் ஓட்டத்தின் நாளைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

ஓட்டவே கூடாத எஞ்சின் என்று ஏதாவது உண்டா?

உண்டு. 1829ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் வென்ற ராக்கெட் என்ற நீராவி எஞ்சின் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தந்தையும் மகனுமான பொறியாளர்கள் ஸ்டீவன்சன்களின் நியூகாசில் பணிமனையில் உருவான அந்த எஞ்சின் 1862இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அதில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. 1990களின் இறுதியில் மைக்கேல் பெய்லி, ஜான் கிளித்தரோ என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆராய்ந்தபோது, ஆணித் துளைகள், ஒட்டுத் தகடுகள், வெட்டப்பட்ட விளிம்புகள் ஆகியவற்றிலிருந்து அதன் பணிக்காலத்தில் நடந்த மாற்றங்களையும் விபத்துச் சேதங்களையும் வரிசைப்படுத்த முடிந்தது. செங்குத்தான சாய்வில் இருந்த சிலிண்டர்கள் பின்னர் கிடைமட்டத்துக்கு அருகில் தாழ்த்தப்பட்டதும் முன்முனையில் புகை சேரும் புகையறை சேர்க்கப்பட்டதும் அந்த உலோகத்திலேயே பதிந்திருக்கின்றன. அதை ஓட வைக்கும் எண்ணத்தோடு யாராவது ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் தேய்ந்த தகட்டை வெட்டி எறிந்து புதிய தகட்டைப் பொருத்தியிருந்தால், அந்த ஆய்வுக்குப் பொருளே இருந்திருக்காது.

ராக்கெட் எப்படி ஓடியிருக்கும் என்று அறிய விரும்பியவர்கள் 1979இல் அதன் ஓடும் பிரதி ஒன்றைச் செய்தார்கள். பிரதி தேயலாம், உடையலாம், மீண்டும் செய்யப்படலாம். அசலின் வேலை சாட்சியாக நிற்பது. தன் ரகத்தில் ஒன்றே எஞ்சியிருப்பதும், பழைய உலோகம் பெருமளவு அப்படியே இருப்பதுமான எஞ்சினுக்கு இதுவே சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் 1855இல் கட்டப்பட்ட ஃபேரி குவீனை இந்திய ரயில்வே ஓட்டியது தவறா?

இந்தக் கேள்விக்கு எளிய பதில் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் நிறுவனம் 1855இல் கட்டி, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் 22ஆம் எண்ணோடு ஓடி, 1909இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட எஞ்சின் அது. 88 ஆண்டுகள் ஓடாமல் இருந்துவிட்டு 1997இல் மறுபடி ஓடத் தொடங்கியது. டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே சுற்றுலா ரயிலை இழுத்தது. தொடர்ந்து இயங்கும் எஞ்சின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று 1998இல் கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. அதே ஆண்டில், அதே நிறுவனத்தில் பிறந்த ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் நூறாண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற பிறகு 2010இல் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் உயிர்பெற்றது. எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது பாரம்பரிய ஓட்டமாக வந்தபோது தண்டவாளத்தின் இருபுறமும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள்.

இந்த இரு எஞ்சின்களும் ஓடியதால் இந்தியாவில் நீராவி பற்றிய ஆர்வம் புத்துயிர் பெற்றது என்பதையும், பணிமனைத் தொழிலாளர்களின் கைத்திறன் மதிக்கப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் 170 ஆண்டுகள் பழமையான இயந்திரத்தை இன்றைய பிரேக், மின்விளக்கு, பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தி ஓட்டும்போது ஒவ்வொரு சீரமைப்பிலும் பழைய பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இரண்டு எஞ்சின்களும் இணையானவை என்பதால், ஒன்றை ஓட்டிக்கொண்டு மற்றதைத் தொடாமல் வைத்திருப்பதே நல்ல ஏற்பாடாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. எந்தப் பாகம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்ற முழுப் பதிவேடும், கழற்றிய பழைய பாகங்களைச் சேமித்து வைக்கும் கிடங்கும் இருந்தால் இழப்பின் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யலாம்.

ஒரே ரகத்தில் பல எஞ்சின்கள் மிஞ்சியிருந்தால் முடிவு எளிதாகுமா?

பெரிதும் எளிதாகும். இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கும் மல்லார்ட் 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட எஞ்சின். நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையாக அது இன்றும் நிலைக்கிறது. அந்தச் சாதனையின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1980களில் சிறிது காலம் ஓட்டப்பட்ட மல்லார்ட், பிறகு நிலையாக நிறுத்தப்பட்டது. அதன் ரகத்தைச் சேர்ந்த ஆறு எஞ்சின்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் வேறு சில முதன்மை வழித்தடங்களில் ஓடி, அந்த ரகம் எப்படி ஒலிக்கும், எப்படி இழுக்கும் என்பதைப் புதிய தலைமுறைக்குக் காட்டியிருக்கின்றன. மல்லார்ட்டை நிறுத்தி வைத்ததால் யாரும் எதையும் இழக்கவில்லை.

அமெரிக்காவின் யூனியன் பசிஃபிக் நிறுவனத்தின் கதை மறுபுறத்தைக் காட்டுகிறது. பிக் பாய் என்று அழைக்கப்படும் மாபெரும் எஞ்சின்கள் 25 கட்டப்பட்டு, 8 மட்டும் எஞ்சின. அவற்றுள் எதை ஓட்டுவது என்று தேடியபோது கலிஃபோர்னியாவின் வறண்ட பகுதியில் நின்றிருந்த 4014ஐ நிறுவனம் தேர்ந்தெடுத்து 2013இல் அருங்காட்சியகத்திடமிருந்து திரும்பப் பெற்றது. மழையும் பனியும் குறைந்த இடத்தில் நின்றதால் துரு குறைவாக இருந்தது. 1941இல் கட்டப்பட்ட அந்த எஞ்சின் 2019 மே மாதம், கண்டம் கடந்த ரயில் பாதையின் 150ஆம் ஆண்டு நிறைவுக்கு ஓடி வந்தது. மற்ற ஏழும் நிற்கின்றன. தேய்மானத்தை ஒன்று ஏற்றுக்கொள்கிறது. எது புகழ்பெற்றது என்று பார்க்காமல் எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு அது. நம் ஊர்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது: நிலைய வாசலில், வெயிலிலும் மழையிலும் நின்ற எஞ்சின் எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலேயே முதலில் முன்மொழியப்படுகிறது.

ஓட்டாமலும் வெறுமனே நிறுத்தாமலும் பயன்படுத்துவதற்கு மூன்றாவது வழியும் உண்டு. யார்க் அருங்காட்சியகத்திலேயே எல்லர்மன் லைன்ஸ் என்ற எஞ்சினின் பக்கவாட்டை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். எரியறை, குழாய்கள், நீராவி செல்லும் வழி அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்ட, தன் ரகத்தில் இன்னும் பத்து துணைகள் உள்ள எஞ்சின் என்பதால் அந்தத் துணிவான செயலை நியாயப்படுத்த முடிகிறது. ஒரு பள்ளி மாணவருக்குக் கொதிகலன் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க இதைவிடச் சிறந்த பொருளை நான் அறியேன்.

ஓடும் எஞ்சினில் பாதிப் பாகங்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டவை என்றால், அசல் என்று எதைக் காக்கிறோம்?

நீராவி எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே பாகங்களை மாற்றிக்கொண்டு வாழ்ந்த இயந்திரம். பெரிய பணிமனைகளில் ஓர் எஞ்சினின் கொதிகலனைக் கழற்றி, சீராக்கப்பட்டுத் தயாராக இருக்கும் வேறொரு கொதிகலனை ஏற்றி, எஞ்சினை விரைவாகப் பணிக்கு அனுப்புவதே வழக்கம். 1923இல் டான்காஸ்டரில் கட்டப்பட்ட ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் 1947இல் வேறு ரகமாகவே மாற்றிக் கட்டப்பட்டது. தன் பணிக்காலத்திலும் தனியார் கைகளிலும் அது பல கொதிகலன்களைச் சுமந்திருக்கிறது. அதன் ரகத்தில் அது ஒன்றே எஞ்சியது என்றாலும், அதை ஓட்டும் முடிவை நான் ஏற்கிறேன். ராக்கெட்டில் உலோகமே ஆவணம். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனில் தொடர்ந்து ஓடியதே வரலாறு. தனித்தன்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், அந்த எஞ்சினின் முக்கியத்துவம் எதில் தங்கியிருக்கிறது என்று எழுத்தில் வரையறுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டும் போதிய சான்று.

செலவு எவ்வளவு ஆகும்? மதிப்பீடுகள் ஏன் தவறுகின்றன?

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனை 2004இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2006இல் தொடங்கிய சீரமைப்பு பத்தாண்டுகள் நீண்டு, 42 லட்சம் பவுண்டில் முடிந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது லண்டனிலிருந்து யார்க்குக்கு மீண்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது. வேலை தொடங்கியபோது பேசப்பட்ட காலமும் தொகையும் இதற்குப் பக்கத்தில்கூட இல்லை. நாட்டின் சிறந்த வல்லுநர்களும் பொதுமக்களின் அன்பும் துணையிருந்த எஞ்சினுக்கே இந்த நிலை.

மதிப்பீடு தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று அல்ல. பிரித்துப் பார்க்காமல் மதிப்பிடுவதே காரணம். கொதிகலனின் மேல் உறையைக் கழற்றி, குழாய்களை உருவி, எரியறையைச் சுத்தம் செய்து பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டகத்தில் உள்ள விரிசல்கள் சக்கரங்களைக் கழற்றிய பிறகே தெரியும். அதனால் இரண்டு கட்டமாகப் பணம் திரட்டுவதே நேர்மையான வழி. முதல் கட்டத் தொகை பிரித்து ஆராய்வதற்கு மட்டும். அந்த அறிக்கை வந்த பிறகு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் உரிமையை நன்கொடையாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும். ஆராய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம் என்று முடிவெடுப்பது தோல்வியாகாது.

கொதிகலனில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முழு முடிவும் தங்கியிருப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எரியறை என்பது நிலக்கரி எரியும் பெட்டி. அதைச் சுற்றிலும் மேலேயும் நீர் நிற்கிறது. எரியறையின் சுவரையும் வெளிச்சுவரையும் ஆயிரக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் பிணைத்து நிற்கின்றன. பிரிட்டிஷ் மரபில் உள் எரியறை செம்பாலும், அமெரிக்க மரபில் எஃகாலும் செய்யப்பட்டது. இந்தப் போல்ட்டுகளைச் சுற்றித் தகடு தேய்ந்து மெலிந்திருக்கலாம்; போல்ட்டுகளே உள்ளுக்குள் முறிந்திருக்கலாம். பழைய பாய்லர் தொழிலாளர்கள் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே முறிந்ததைக் கண்டுபிடித்தார்கள். இன்று மீயொலிக் கருவி கொண்டு தகட்டின் தடிமனைக் கட்டம் கட்டமாக அளந்து வரைபடமாக எழுதுகிறார்கள். அந்த எண்களை வைத்துக் கணக்கிட்டுத்தான் இந்தக் கொதிகலன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சான்றளிக்க வேண்டும்.

எரியறையின் அடியில், இரு சுவர்களும் சேரும் இடத்தில் சேறும் உப்பும் தங்கும். துரு அதிகம் அரிப்பது அங்கேதான். வெந்நீர்ப் பானையின் உட்புறம் படியும் வெள்ளைப் படிவத்தைப் போலவே கொதிகலனுக்குள்ளும் உப்பு படிகிறது. அந்தப் படிவத்துக்கு அடியிலுள்ள தகடு தண்ணீரின் குளிர்ச்சி எட்டாமல் அளவுக்கு மீறிச் சூடாகி வலுவிழக்கிறது. குழாய்கள் நுழையும் தகட்டில் துளைக்கும் துளைக்கும் இடையே மயிரிழை விரிசல்கள் தோன்றலாம். பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்ற எஞ்சினில் வெளி உறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே மழைநீர் தங்கி, வெளியிலிருந்து பார்க்க வண்ணம் பூசி அழகாக இருக்கும் எஞ்சினின் தகட்டைப் பின்புறமாக அரித்திருக்கும். அந்த உறைக்குள் வெப்பக் காப்பாக ஆஸ்பெஸ்டாஸ் அடைத்திருப்பதும் வழக்கம். ஆகவே பயிற்சி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பிரிக்கக் கூடாது.

இவை அனைத்தும் சரியான பிறகே குளிர்ந்த நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதனை செய்கிறார்கள். அமெரிக்க விதிப்படி அது ஒன்றேகால் மடங்கு. குளிர்நீரில் சோதிப்பதால் ஏதேனும் விட்டுக்கொடுத்தாலும் நீர் கசியுமே தவிர வெடிப்பு நேராது. அதன் பிறகே நெருப்பு.

அச்சுகள், டயர்கள், தாங்கிகள், வில்கள் ஆகியவற்றுக்கும் சோதனைகள் உண்டு. அவற்றின் குறைகள் பெரும்பாலும் பணத்தால் தீர்பவை. தெளிவான வழிமுறைகள் உள்ளவை.

உண்மையில் ஆபத்து எவ்வளவு?

1995ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலை இழுத்துச் சென்ற 1278ஆம் எண் எஞ்சினில் எரியறையின் கூரைத் தகடு பிளந்தது. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயம் அடைந்தார்கள். பயணிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. கூரைத் தகட்டுக்கு மேல் நிற்க வேண்டிய நீர் வற்றிப்போனதே காரணம் என்று அரசு விசாரணை கண்டறிந்தது. நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக்குச் செல்லும் வழி உப்பால் அடைபட்டிருந்தது. கொதிகலனுக்குள் நீரைப் பதப்படுத்தி விடுவதில் கவனம் இல்லை. ஓட்டியவர்களுக்குப் பயிற்சி போதவில்லை. உடைந்தால் படிப்படியாக விட்டுக்கொடுக்கும் வகையில் அந்த எஞ்சினைக் கட்டியவர்கள் அமைத்திருந்த சில போல்ட்டுகள்தான் சேதத்தைக் குறைத்தன.

ஒரு லிட்டர் நீர் வளிமண்டல அழுத்தத்தில் நீராவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் பிடிக்கும். அழுத்தத்துக்கு உட்பட்ட பல ஆயிரம் லிட்டர் வெந்நீர் ஒரே நொடியில் விடுபட்டால் என்னவாகும் என்பதைச் சீரமைப்புக் குழுவின் ஒவ்வொரு உறுப்பினரும் உணர்ந்திருக்க வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவின் நீராவி எஞ்சின் விதிகள் முழுதாகத் திருத்தப்பட்டு 2000இல் நடைமுறைக்கு வந்தன.

ஆபத்து எஞ்சினோடு முடிவதில்லை. 2018 ஜூனில் கொலராடோவில் 54,000 ஏக்கர் காட்டை எரித்த தீ, டுராங்கோ அண்ட் சில்வர்டன் ரயில்வேயின் நிலக்கரி எஞ்சினிலிருந்து பறந்த தீப்பொறியால் தொடங்கியது என்று அமெரிக்க அரசு வழக்கிட்டது. 2022இல் அந்த ரயில்வே 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கோடையில் காய்ந்த புல்வெளியூடே செல்லும் பாதையில் ஓட்டத் திட்டமிடுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஒரு முறை சீரமைத்தால் எத்தனை ஆண்டுகள் ஓடும்?

பிரிட்டனில் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை கொதிகலனை எஞ்சினிலிருந்து இறக்கி முழுமையாகச் சீரமைப்பது நெடுங்கால வழக்கம். அமெரிக்க விதியின்படி 1,472 பணி நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது முழுச் சோதனை. இடையில் ஆண்டுச் சோதனை, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை உட்புறம் கழுவுதல், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சாம்பல் அள்ளுதல் என்று வேலை ஓயாது. முதல் சீரமைப்பு முடிந்த நாளிலேயே அடுத்ததற்கான நிதியைத் தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்காத அமைப்பு, பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் ஓடாத எஞ்சினோடுதான் நிற்கும். அப்போது அந்த எஞ்சினில் முன்பிருந்த பழைய பொருளும் பாதி இருக்காது.

ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆட்கள் கிடைப்பார்களா?

இந்தியாவின் அகலப் பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் 1995ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி முடிந்தது. அன்று எஞ்சினின் நெருப்பைக் கவனிக்கும் 25 வயது ஃபயர்மேனாக இருந்தவர் இன்று ஐம்பதுகளின் நடுவே இருக்கிறார். அன்றைய மூத்த டிரைவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். நெருப்பை எவ்வளவு மெல்லியதாகப் பரப்ப வேண்டும், ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்பே நிலக்கரி போட வேண்டும், இறக்கத்தில் நீர் முன்பக்கமாக ஓடும்போது கூரைத் தகடு வெளிப்படாமல் எப்படிக் காப்பது என்பவை கையேட்டில் எழுதப்பட்டிருந்தாலும், பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கைவரும். எஞ்சினைச் சீரமைக்கும் முடிவு தள்ளிப்போனாலும், இந்த மனிதர்களின் அறிவைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

திறமை அறுபடாமல் இருந்த இடங்கள் நமக்கு உண்டு. ஹரியானாவில் 1893இல் அமைந்த ரேவாரி ஷெட்டில் ஓடும் நிலையில் எஞ்சின்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின்கள் பல்சக்கரப் பாதையில் தள்ளிச் செல்கின்றன, 12.5 அடிக்கு ஓர் அடி என ஏறும் அந்தப் பாதையின் எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை பராமரிக்கிறது. அன்றாட வேலையாக நீராவி தொடர்ந்ததால்தான் அந்தக் கைகள் மறக்கவில்லை.

நிலக்கரியும் தண்ணீரும் பெரிய சிக்கலா?

நினைப்பதைவிடப் பெரியது. வேல்ஸ் நாட்டின் ஃபோஸ் இ ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டதோடு பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் இறக்குமதி நிலக்கரியையும் கலப்புக் கட்டிகளையும் நம்ப வேண்டியதாயிற்று. பிக் பாய் எண்ணெய் எரிக்கும் வகையில் மாற்றப்பட்டது. அத்தகைய மாற்றம் தேவைப்பட்டால் அதைப் பின்னால் அகற்றிவிடக் கூடிய வகையில் செய்வது நல்லது. தண்ணீரைப் பொறுத்தவரை, ஓட்டத்துக்கு முன்பே உள்ளூர் நீரின் உப்பைச் சோதித்துப் பதப்படுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் ஓட்ட வேண்டாம் என்பதே என் பதில்.

முதன்மை வழித்தடத்தில் ஓட்டுவது நல்லதா, அருங்காட்சியகத்தின் சொந்தச் சிறு பாதையா?

பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சிறு பாதையே போதும். வேகம் குறைவு என்பதால் தேய்மானம் குறையும். இன்றைய சமிக்ஞைக் கருவிகளை எஞ்சினுக்குள் திணிக்க வேண்டியதில்லை. முதன்மை வழித்தடத்தில் 25,000 வோல்ட் மின்கம்பிக்கு அடியில், நிலக்கரியைச் சரிசெய்ய யாராவது டெண்டரின், அதாவது நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியின் மேல் ஏறுவதே உயிருக்கு ஆபத்து. கூட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 2016இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் முதல் ஓட்டத்தின்போது, படம் எடுக்கத் தண்டவாளத்துக்குள் இறங்கியவர்களால் ரயிலை வழியில் நிறுத்த நேர்ந்தது.

புதிதாகவே ஒன்றைக் கட்டினால் என்ன?

அழிந்துபோன ரகத்துக்கும், தொடக் கூடாத எஞ்சினுக்கும் இதுவே மிகச் சிறந்த விடை. பிரிட்டனில் 49 எஞ்சின்களும் இரும்புக் கடைக்குப் போய்விட்ட ஒரு ரகத்தை ஆர்வலர்கள் கூடிப் புதிதாகக் கட்டினார்கள். 1990இல் தொடங்கிய முயற்சி 2008இல் டொர்னாடோ என்ற எஞ்சினாக நிறைவேறியது. கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கனில் செய்யப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு. ஒரு புகழ்பெற்ற பழைய எஞ்சினைச் சீராக்கியதைவிடப் புதியதைக் கட்டியது குறைவாகவே செலவழித்தது என்பதைக் குழுக்கள் கவனிக்க வேண்டும்.

இதைத் தமிழ்நாடும் செய்து காட்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்த நீலகிரி எஞ்சின்கள் தேய்ந்தபோது, பொன்மலைப் பணிமனை 2010களில் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களையும் 2021இல் நிலக்கரியில் எரியும் புதிய எஞ்சினையும் கட்டி மலைக்கு அனுப்பியது. அதனால் பழைய சுவிஸ் எஞ்சின்களுக்கு ஓய்வு கொடுக்கும் வாய்ப்பு உண்டானது. இந்தச் சாதனை இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தால் எஞ்சினுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் கூரை போட வேண்டும். கொதிகலனில் தேங்கிய நீரை முழுதாக வடித்து, உட்புறத்தை உலர்த்தி, கழுவு துளைகளைக் காற்று புகும்படி விட வேண்டும். புகையறையிலும் சாம்பல் தட்டிலும் உள்ள சாம்பலை அகற்ற வேண்டும். ஈரம் பட்ட சாம்பல் தகட்டை அரித்துவிடும். சிலிண்டர்களுக்குள்ளும் தாங்கிகளிலும் எண்ணெய் விட்டு, ஆண்டுக்குச் சில முறையாவது எஞ்சினை மெதுவாக நகர்த்தி, சக்கரங்கள் ஒரே புள்ளியில் நில்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வண்ணம் பூசுவதற்கு முன், பழைய வண்ண அடுக்குகளை ஒரு சிறு பகுதியிலாவது சுரண்டாமல் விட்டுவைக்க வேண்டும். எந்தக் காலத்தில் எந்த நிறம் என்பதை அவை மட்டுமே சொல்லும். பித்தளைப் பாகங்களும் எண் பலகைகளும் திருட்டுப் போவது வாடிக்கையாதலால் அவற்றைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டுப் பிரதிகளைப் பொருத்தலாம். வரைபடங்கள், பழுதுபார்ப்புப் பதிவேடுகள், ஓட்டியவர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றை எஞ்சினோடு சேர்த்தே ஓரிடத்தில் காக்க வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு, ஓட வைக்கும் செலவில் மிகச் சிறிய பங்குதான். முப்பது ஆண்டுகள் கழித்து, நல்ல கருவிகளோடும் தெளிவான காரணத்தோடும் யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்டால், அவர்கள் தீர்மானிப்பதற்கு எஞ்சின் முழுதாக இருக்கும்.